மெமோ எழுதும் கைகளுக்கு



வாசகர்களே, உங்களில் கணிசமான பேர் கம்பெனிகளில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறீர்கள் என்பது வருகிற கடிதங்களிலேயே தெரிகிறது. ஒரகடம், ஓசூர், பெருந்துறை, ராணிப்பேட்டை என்று முகவரிகள். சில மாதங்களாக அந்தக் கடிதங்களில் ஒரே விசாரிப்பு: புதுச் சட்டத்துக்கு நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும், ஒரு நாள் வகுப்பு போதுமா, கம்பெனி பணம் கட்டாவிட்டால் கைக்காசு போட்டுப் போகலாமா?

விசாரிப்புக்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஊதியத் தொகுப்பு 2019-லும், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு பற்றிய மற்ற மூன்றும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. 'இதோ வருது, அதோ வருது' என்று வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, இனி வராது என்று பலரும் ஓய்ந்துபோன நேரத்தில் வந்து நின்றன. 29 மத்தியச் சட்டங்கள் இந்த நான்குக்குள் போய்விட்டன. 1947-ன் தொழிற்தகராறுகள் சட்டம், 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 1972-ன் பணிக்கொடைச் சட்டம் என்று படித்துப் பட்டயம் வாங்கியவர்கள் ஒரே நாளில் மறுபடி மாணவர்களாகிவிட்டார்கள். ஓட்டல் அரங்குகளுக்கு நல்ல வியாபாரம்.

அப்படிப்பட்ட வகுப்புகள் சிலவற்றில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

வகுப்பில் முதலில் வருவது சம்பளக் கணக்கு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், அது தெரிந்தே ஆகவேண்டும். ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளம் 9,000. மீதி 21,000-மும் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போல சட்டம் கழிக்க அனுமதிக்கும் இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய விதிப்படி அந்த இனங்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே பாதி 15,000. தாண்டியது 6,000. ஆகச் சட்டத்தின் கண்ணில் இவருடைய ஊதியம் 15,000. இவர் பத்து வருடம் வேலை பார்த்து விலகினால் பணிக்கொடை எவ்வளவு? ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கவேண்டும். 9,000 என்றால் 51,923 ரூபாய். 15,000 என்றால் 86,538 ரூபாய். இடையில் இருக்கும் முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடப் பள்ளிக்கூடக் கட்டணமாக இருக்கலாம்.

திரையில் இந்தக் கணக்கு வந்ததும் அரங்கில் கைகள் உயர்ந்தன. கேட்கப்பட்ட கேள்விகளில் முக்கால்வாசி, 'இதை எப்படி மாற்றி அமைத்தால் செலவு ஏறாது' என்பதாக இருந்தது. கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதலாளி அவர்களிடம் கேட்கப்போவது அதைத்தான். ஆனால் பயிற்சி கொடுப்பவரும் அந்தக் கேள்விக்காகவே தயாராகி வந்திருந்தார் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

உறுத்தல் இன்னொரு இடத்திலும். தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரமானவர் என்பது அதன் சாரம். இது மாநிலச் சட்டம். வடக்கே பயிற்சி பெற்று இங்கே வேலைக்கு வரும் எச்.ஆர். அதிகாரிகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களில் சிலருக்கோ 479-ஆம் நாள் மட்டும் நன்றாகத் தெரிகிறது. 'பிரேக் கொடுத்து மறுபடி எடுத்துக்கலாம்' என்ற யோசனையை ஒரு வகுப்பில் தேநீர் இடைவேளைக்கு முன்பாகவே கேட்டேன். நிரந்தர உரிமை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவரை வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பழைய தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பட்டியலிட்டிருந்தது. புதிய தொகுப்பின் அட்டவணையிலும் அது இருக்கிறது. வகுப்பில் அந்த அட்டவணை பற்றிப் பேச்சே எழவில்லை.

இனி நல்ல வகுப்பு ஒன்றைப் பற்றி.

கோவை, அவினாசி சாலையில் ஓர் அரங்கு. பயிற்சியாளர் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே தலை நரைத்த ஒரு வழக்கறிஞர். கணினித் திரை கிடையாது. வந்தவர்களைப் பிரித்து உட்காரவைத்து, ஒரு பொய் விசாரணையை நடத்தச் சொன்னார். கதை எளிமையானது. மெஷின் ஆபரேட்டர் ஒருவர் ஊருக்குப் போனவர் திரும்ப வரவில்லை. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராதவர் வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்று கம்பெனியின் நிலையாணையில் (ஸ்டாண்டிங் ஆர்டர்) ஒரு பிரிவு இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் வந்து கேட்டில் நிற்கிறார். என்ன செய்வீர்கள்?

விசாரணை அதிகாரியாக ஒருவர், நிர்வாகத் தரப்பில் இருவர். பெருந்துறையில் எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவாக இருக்கும் ஓர் இளைஞர் தொழிலாளி வேடத்துக்கு வந்தார். முதலில் குற்றச்சாட்டு மெமோவை வாசித்தார்கள். "தாங்கள் முன் அனுமதியின்றித் தொடர்ந்து பணிக்கு வராமல் இருந்து நிலையாணைகளை மீறியுள்ளீர்கள்."

வழக்கறிஞர் அங்கேயே நிறுத்தினார். "எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்? நிலையாணையில எந்தப் பிரிவு? இது ரெண்டும் இல்லாம அந்தத் தம்பி எதுக்குங்க பதில் எழுதுவாரு?"

திருத்தி எழுதினார்கள். விசாரணை தொடங்கியது. விசாரணை அதிகாரி தொழிலாளியைப் பார்த்து முதல் கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா வரல?"

மறுபடி நிறுத்தம். குற்றம் சாட்டியவர் முதலில் தன் சாட்சியத்தை வைக்கவேண்டும். அந்தச் சாட்சியைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்யலாம். அதற்குப் பிறகுதான் அவர் தன் பக்கத்தைச் சொல்லவேண்டும். எடுத்த எடுப்பில் அவரையே கேள்வி கேட்டு அவர் வாயாலேயே குற்றத்தை நிரூபிக்கப் பார்ப்பது முறையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. அரங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ விசாரணைகள் நடத்திக் கோப்பை மூடியவர்கள் அதில் இருந்தார்கள்.

மூன்றாவது நிறுத்தம்தான் எனக்கு மறக்கவில்லை. நிர்வாகச் சாட்சி வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகவே போனது. வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தம்பி ஏன் இன்னும் நின்னுட்டே இருக்காரு?" தொழிலாளி வேடம் போட்ட இளைஞர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு மேசையோரம் நின்றிருந்தார். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அவர் கம்பெனியில் விசாரணைக்கு வருபவர்கள் அப்படித்தான் நிற்பார்களாம். அந்தப் பழக்கத்தில் தானும் நின்றுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். ஒரு நாற்காலி போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசிய தோரணையே வேறு. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு மூன்றாம் நாளே செய்தி அனுப்பியதாகச் சொன்னார். இது எழுதிக் கொடுத்த கதையில் இல்லாத வரி. அவராகச் சேர்த்தது. நிர்வாகத் தரப்பு விழித்தது. சூப்பர்வைசரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

(நாற்காலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடைக்குப் போகும்போது பாருங்கள், அந்த இருக்கைகள் எங்கே இருக்கின்றன, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.)

அந்தப் பொய் விசாரணைக்கு மூலமான மெய் வழக்கை வழக்கறிஞர் கடைசியில் சொன்னார். டி.கே. யாதவ் என்ற தொழிலாளி 1980 டிசம்பரில் எட்டு நாளுக்கு மேல் வேலைக்கு வரவில்லை என்று, நிலையாணையைக் காட்டி, விசாரணை இல்லாமலேயே அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து கம்பெனி அடித்துவிட்டது. தான் வந்ததாகவும் கேட்டில் தடுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1993-ல் தீர்ப்பு வந்தது. ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முன் அவரைக் கேட்டே ஆகவேண்டும், நிலையாணையில் தானாக வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கடமை போகாது என்றது நீதிமன்றம். வேலையைத் திருப்பிக் கொடுத்து, பாதிப் பின்சம்பளமும் கொடுக்கச் சொன்னது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இழுத்த வழக்கு. டிசம்பர் மாதத்துக் குளிரில் யாராவது ஒரு பர்சனல் ஆபீசர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து என்னப்பா என்று கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

தொழிலாளர் சட்டத்தில் எச்.ஆருக்குத் தரவேண்டிய பயிற்சியின் நடு நரம்பு இதுதான் என்பது என் எண்ணம். தொழிலாளி சந்திக்கும் முதல் நீதிமன்றம் எச்.ஆர். அறைதான். பெரும்பாலானவர்களுக்கு முதலும் கடைசியும் அதுவே. வக்கீல் வைக்க வசதியில்லாதவர், வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய முடியாதவர், அந்த அறையில் கிடைத்ததை நீதி என்று வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறார். பதிவேடு, படிவம், கடைசித் தேதி எல்லாவற்றையும் இனி மென்பொருளே நினைவுபடுத்திவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்பது எப்படி என்று மென்பொருள் சொல்லித்தராது.

புதிய தொகுப்பால் நிலையாணைக் கட்டாயம் 300 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்கு என்று மாறியிருக்கிறது. முன்பு 100. நடுவில் இருக்கும் கம்பெனிகளின் எச்.ஆர். நண்பர்கள் சிலர் நிம்மதி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது தவறு, எதற்கு என்ன தண்டனை, யார் விசாரிப்பது என்று ஊரறிய எழுதி ஒட்டிய காகிதம் தொழிலாளியை மட்டும் காப்பாற்றவில்லை. 'மேலே சொல்லிட்டாங்க, நாளைக்கே அனுப்பிடு' என்று முதலாளி சொல்லும்போது, 'சார், நிலையாணை விடாது' என்று சொல்ல எச்.ஆருக்கு ஒரு பிடி இருந்தது. சட்டம் கேட்காவிட்டாலும் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. எழுதும்போது தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். பழைய நிலையாணைச் சட்டமே ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே ஒட்டவேண்டும் என்றுதான் சொன்னது. திருப்பூரில் இன்று அந்த மொழி சில யூனிட்டுகளில் ஒடியாவாகவும் இந்தியாகவும் இருக்கும்.

பணிநீக்கம் ஒருபுறம் இருக்க, விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷனில் வைப்பது இன்னொரு பெரிய வேதனை. புதிய தொழிலுறவுத் தொகுப்பு, விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. அதுவரை பாதிச் சம்பளம் பிழைப்பூதியம், அதற்கு மேல் தொழிலாளியின் தவறில்லாமல் இழுத்தால் முக்கால். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் ஒரு படி மேலே போய், 180 நாளுக்குப் பிறகு முழுச் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. கடைசிக் கணக்குத் தீர்ப்பதும் மாறிவிட்டது. ராஜினாமாவோ நீக்கமோ, இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்துவிடவேண்டும். 'நாற்பத்தஞ்சு நாள் ஆகும், அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க' என்ற பழைய பல்லவி இனி எடுபடாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் தங்கள் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று எழுதி அனுப்பினால் மகிழ்ச்சி.

நான்கு தொகுப்புக்குள் அடங்காமல் தனியாக நிற்கும் சட்டம் ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட நெறிமுறைகள் சட்டமாக உருப்பெற 16 வருடம் ஆனது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடம் என்றாலே உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் மூன்று மாதத்துக்குள், விசாரணை 90 நாளுக்குள். இவை எல்லாம் எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகின்றன. சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. சமரசம் என்ற வார்த்தையைக் குழு தானாக எடுக்கக் கூடாது. புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே அந்த வழி. அப்போதும் பணம் கொடுத்து முடிக்கும் சமரசத்துக்கு இடமில்லை.

நம் ஊர் எச்.ஆர். அறைகளில் நடப்பதோ நேர்மாறு. "விடுங்கம்மா, உங்க பேருதான் கெட்டுப்போகும், நான் கூப்பிட்டுக் கண்டிச்சு வைக்கிறேன்." இந்த வாக்கியத்தைச் சொல்பவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. பாதுகாக்கிறோம் என்று நம்பியே சொல்கிறார். அந்த நம்பிக்கையைக் கலைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையானார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதற்குப் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் ஆகியவை 2022-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். நிறுவனங்களும் தங்களைச் சட்டப்படி கட்டிப்போட்டுக்கொண்டன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, பயிற்சி ஒரு பக்கமாக இல்லை. தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பழக்கினார்கள். மேற்பார்வையாளருக்கும் நிர்வாகத்துக்கும் அதே பாடம். புகார் எங்கே போகும், யார் எப்போது பதில் சொல்லவேண்டும் என்பது இருபக்கமும் தெரிந்துபோனால், நடுவில் யாரும் அதைப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது. எச்.ஆருக்கு மட்டும் மூடிய அரங்கில் சட்டம் சொல்லித்தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதே கேட்கும் முறை உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீதான விசாரணையை அவசர அவசரமாக முடித்ததற்காக, உச்ச நீதிமன்றம் 2023-ல் அந்த நடவடிக்கையையே ரத்து செய்து, மீண்டும் முறையாக விசாரிக்கச் சொன்னது. புகார் கொடுத்தவர்களுக்கு அதனால் கிடைத்தது என்ன? பழைய காயத்தை மறுபடி கிளறவேண்டிய நிலை. குழுவின் அறியாமைக்குக் கூலி கொடுத்தவர்கள் அவர்கள்.

கொஞ்சம் பழங்கதை. எச்.ஆர். என்ற துறை இந்தியாவில் எதற்காகப் பிறந்தது என்பதைப் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நல்லது. அன்றைய ஆலைகளில் ஆள் எடுப்பதும் அனுப்புவதும் மேஸ்திரிகள் கையில் இருந்தன. வேலைக்குச் சேர மாமூல், லீவுக்கு மாமூல், திரும்பச் சேர மறுபடி மாமூல். விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931-ல் கொடுத்த அறிக்கையில், இந்தக் கொள்ளையை நிறுத்த ஆலைகளில் தொழிலாளர் அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொன்னது. பிறகு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது. ஆக இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, தொழிலாளியை மேஸ்திரியிடமிருந்து காப்பாற்றப் போடப்பட்டது.

நல அலுவலர் தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கைகளில் தலையிடக் கூடாது என்று பல மாநில விதிகள் சொல்லின. நடைமுறையில் என்ன நடக்கிறது? காலையில் கேன்டீன் சாம்பாரை ருசி பார்த்துக் குறை கேட்கும் அதே மனிதர் மாலையில் மெமோ அடிக்கிறார். இரண்டு தொப்பியும் ஒரே தலைக்கு.

மேலே எடுக்கிற முடிவைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கிற கை எச்.ஆருடையது என்பதால் கோபமும் அந்தக் கைமேல்தான் முதலில் விழுகிறது. 2009-ல் கோவையிலும் 2012-ல் மானேசரிலும் தொழிற்தகராறு முற்றிய நேரத்தில் எச்.ஆர். அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அந்த வன்முறையை எந்த நியாயத்தாலும் பூசி மறைக்க முடியாது. அதே சமயம், பேச்சுவார்த்தை முறிந்துபோன ஆலைக்குள் எச்.ஆரைத் தனியாக அனுப்பும் நிர்வாகங்கள் யோசிக்க அதில் நிறைய இருக்கிறது. தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசுவது ஒரு கலை. அதற்கென்று இங்கே பயிற்சி அநேகமாக இல்லை. 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய ஊர் இது. பெரம்பூர் ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத்தின் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு முடக்கிய பிறகுதான், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணமான பேச்சே எழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்ததும், முக்கியமாக, சங்கத்தைப் பதிவு செய்யவும் அதை அங்கீகரிக்கவும்தான். புதிய தொகுப்பில், ஒன்றுக்கு மேல் சங்கங்கள் உள்ள இடத்தில், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்று வந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக் குழு. இந்த எண்ணிக்கையைத் திரையில் போட்டுக் காட்ட ஒரு நிமிடம் போதும். எதிர்த்தரப்பு கோபமாக எழுந்து போகும்போது மறுநாளைக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்து அனுப்பப் பழக வருடங்கள் வேண்டும். பழைய தொழிற்தகராறுகள் சட்டத்தின் பிரிவுகளை வைத்து '12(3) போடலாமா, 18(1) போதுமா' என்று இரு தரப்பும் பேசிப் பழகிய பழைய தலைமுறை எச்.ஆர். ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரி முன்னிலையில் போடும் முதல் வகை ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், தங்களுக்குள் போடும் இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் என்பதைப் பாடமாகப் படித்தவர்கள் அல்ல அவர்கள், பட்டுத் தெரிந்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேளுங்கள். எந்த ஓட்டல் வகுப்பையும்விட மலிவு.

படிக்க எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு: சென்னையில் தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் பல காலமாக இதே வேலையாக இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே தொழிலாளர் சட்டப் பட்டயம் படிக்கலாம். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் மனிதவளம் படிக்கும் பிள்ளைகளைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அனுப்பும் பள்ளி. சிறிய யூனிட்டுகளில் நிலைமை வேறு. சிவகாசியிலோ ஆம்பூரிலோ நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் எச்.ஆர். என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார். கணக்குப் பிள்ளையே பி.எஃப். பார்ப்பார், இ.எஸ்.ஐ. பார்ப்பார், ஆளையும் அனுப்புவார். ஆங்கிலத்தில் நடக்கும் ஐயாயிரம் ரூபாய் வகுப்பு அவருக்கு எட்டாது. தொழில் சங்கங்களும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகங்களும் சேர்ந்து தமிழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினால், சட்டம் அதிகமாக மீறப்படும் இடத்துக்கே சட்டம் போய்ச் சேரும்.

நம் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து 'எச்.ஆர். மேசை' என்ற பகுதியைத் தொடங்குகிறோம். முதலில் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி ராணிப்பேட்டையிலிருந்து வந்தது. கான்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் காணாமல் போய்விட்டார், தொழிலாளர்கள் எங்கள் கேட்டில் வந்து நிற்கிறார்கள், எங்களுக்கு என்ன பொறுப்பு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பொறுப்பு உங்களுடையதே. கான்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்பது 1970-லிருந்தே சட்டம். எந்தப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போடுவது, எப்படி எழுதி வாங்குவது என்பதை அந்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

மற்றவர்களும் எழுதுங்கள். எச்.ஆர். மட்டும் என்றில்லை, மெமோ வாங்கியவர்களும் எழுதலாம். மெமோவின் நகல் இருந்தால் கம்பெனி பெயரையும் ஆட்களின் பெயரையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புங்கள். தேதிகளை மட்டும் அடித்துவிடாதீர்கள், அவை வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்